மாடியில் பெய்த குன்னூர்

அந்த மே மாத மாலையில் ராயப்பேட்டை மொட்டைமாடியில் குளிர் காய்ந்தவர்கள் அல்ல, குளிரில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, நடுவில் வைத்த பூச்செடிக்கு வலது பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர் அப்துல் கய்யூம். மெத்தைக் கடை வைத்திருப்பவர், தாம் தைத்த பஞ்சுப் போர்வையான ரஜாயையே கழுத்துவரை போர்த்தியிருந்தார். அவருக்கு எதிரே சாக்கு விரித்து அவருடைய அக்கா ஜைதூன் பீ, கம்பளிக் காலுறையோடு. மாடிப்படியின் கடைசிப் படியில், முதுகு வெயிலிலும் முழங்கால் பனியிலுமாக, பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் எடுத்துவந்து தெருமுனையில் விற்கும் சுலோச்சனா. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவள் புருஷன் சின்னப்பையன். ஆட்டோ ஓட்டுபவன், தலையில் மங்கி குல்லா. மே மாதத்தில் பாண்டி பஜாரில் மங்கி குல்லா கேட்ட ஒரே ஆள் என்று அவனைக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். செடிக்கு மிக நெருக்கத்தில், முக்காலி போட்டு, கய்யூமின் மனைவி உம்மே ஹானி. நகரத்தில் அன்று வெயில் நூற்றேழு டிகிரி. ஜாம் பஜாரில் எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய்க்குப் போனது. செடியைச் சுற்றி எட்டடி வட்டத்துக்குள் மட்டும் மூடுபனி இறங்கி, பேசுகிறவர் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

செடி அசேலியா. குன்னூரில் இருக்கும் ஹானியின் தங்கை புஷ்ரா, தன் வீட்டு முற்றத்துப் பெரிய செடியின் கிளையை மண்ணில் வளைத்துப் பதியன் போட்டு, வேர் பிடித்ததும் வெட்டி எடுத்து அனுப்பியது. அனுப்பினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அக்காவை உருதுவில் ஆப்பா என்று கூப்பிடுகிறவள்; இரண்டு பேருக்குள்ளும் பேச்சு நின்றிருந்த காலம் அது. காரணம் ஊரறிந்ததுதான். புஷ்ராவின் மகள் கல்யாணம் அவசரமாக நிச்சயமானது. மாப்பிள்ளை வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டிய தேதி முன்னால் வந்துவிட்டது. அவர்கள் குடும்பத்தில் முதல் அழைப்பு மூத்தவள் வீட்டுக்கு, அதுவும் நேரில், பத்திரிகையோடு ஒரு டப்பா இனிப்பும் வைத்து. புஷ்ரா பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டாள். ஹானி அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதற்கு நீலக் குறி இரண்டும் சாட்சி. கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று புஷ்ராவும் கேட்கவில்லை. யார் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவள் தோற்றாள் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியே முடிவாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, கேரட் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு வரும் லாரி ஓட்டுநர் பிரபு, சாக்கில் சுற்றிய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். யார் கொடுத்தது என்று அவன் சொல்லவில்லை, யார் கொடுத்தது என்று ஹானி கேட்கவும் இல்லை. மண் கறுப்பாக, டீத்தூள் போலப் பொலபொலவென்று இருந்தது. அதுவே போதுமான விலாசம்.

ஹானி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். அந்த வீட்டு மாடியில் அவள் வளர்த்த மல்லிக்கும் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் என்றைக்கு எரு, என்றைக்குக் கத்திரி என்பதெல்லாம் கணக்கு தவறியதில்லை. அசேலியாவுக்கு முதலில் போர்த் தண்ணீர்தான் ஊற்றினாள். ராயப்பேட்டை போர்த் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஒரு வாரத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அவள் மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தாள், ஆனால் ஆழமாகக் கிளறவில்லை, வேர் மேலாகவே வலை பின்னியிருப்பது தெரிந்தது. தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் பரப்பினாள். மிச்சமிருந்த மார்கழி மழையை டிரம்மில் பிடித்து வைத்து அதையே ஊற்றினாள். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தினாள். இருபது நாளில் இலை தேறியது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் அவள் மாடிக்குப் போனபோது செடியைச் சுற்றித் தரை வட்டமாக நனைந்திருந்தது. வட்டத்துக்கு வெளியே தூசி அப்படியே இருந்தது. டிரம்மில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. வட்டத்துக்குள் காலை வைத்தாள், கால் விறைத்தது. குனிந்து முகர்ந்தாள், யூகலிப்டஸ் வாசம். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. செடி தன் ஊர்ப் பருவத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. ஒரு சாக்பீஸ் எடுத்து வட்டத்தின் ஓரத்தில் கோடு போட்டாள், கீழே வந்து தோசை ஊற்றினாள்.

அந்த மாசியில் செடி பூத்தது. அடர்ந்த ரோஜா நிறம், இலை தெரியாமல். பூவைப் பார்க்க வந்தவர்கள் குளிரைக் கண்டு, குளிருக்காக மறுபடி வந்தார்கள். கய்யூமின் கடையில் பத்து வருடமாகப் போகாமல் கிடந்த ரஜாய்கள் சித்திரையில் போயின. வாங்கியவர்கள் அதைப் போர்த்திக்கொண்டு அவர் மாடியிலேயே வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு. கொசுப் புழு பார்க்க வந்த மாநகராட்சி ஊழியர் பனிக்குள் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி போட்டு, 'தண்ணீர் தேங்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். சுலோச்சனாதான் இதன் முழு உபயோகத்தையும் கண்டுபிடித்தவள்.

"இன்னாக்கா, பொட்டி வாங்காமலே ஐஸ் பொட்டி வெச்சினுகீற. விக்காத வஞ்சரத்த ஓரமா வெச்சிக்கட்டா? காலீல எட்துக்கறேன்."

"செடிகிட்ட மீன் வெக்கக் கூடாது சுலோச்சனா. வாசம்."

"செடிக்கு இன்னா மூக்கா கீது?"

வஞ்சரம் வட்டத்துக்குள் இருந்தது, மறுநாளும் கண் பளிச்சென்று இருந்தது. பிறகு சங்கராவும் வந்தது.

சித்திரை கடைசியில் பிரபு மறுபடி வந்தான். கேரட் ஒரு பை கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"அக்கா, உங்க தங்கச்சி முற்றத்துல பெரிய செடி இருக்குதுங்கல்ல, அதுக்கடியில போய் நின்னா மண்டை காயுதுங்க. எங்கூர்ல ஒரு வீட்டுலயும் துணி காயல, பூஞ்சை புடிச்சுக் கெடக்குது. அவங்க மட்டும் செடிக்கடியில வடாம் போட்டு எடுக்கறாங்க."

"இத என்கிட்ட சொல்லுன்னு சொன்னாளா?"

"இல்லீங்க. சொல்லாதன்னுதான் சொன்னாங்க."

ஹானி கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினாள். "வேற என்னென்ன சொல்லாதன்னு சொன்னா?"

"மாடியில மீன் வெக்கறது யாருன்னு கேக்காதன்னு சொன்னாங்க. முற்றமெல்லாம் மீன் கவுச்சியாம், பூனை ஏழெட்டு சேந்துருச்சாம்."

"நான் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு. இல்ல, அதையும் சொல்லாத."

"சரிங்க," என்று பிரபு படியிறங்கினான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சொல்லக் கூடாத சங்கதிகளை மட்டும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளாக அவன் ஆனது அப்படித்தான்.

ஆக, கணக்கு இதுதான். குன்னூரின் பனி ராயப்பேட்டை மாடிக்கும், ராயப்பேட்டை வெயில் குன்னூர் முற்றத்துக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தது. நடுவில் இருக்கும் ஈரோடு, சேலம் எதிலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஹானி மீனை மட்டும் வெளியேற்றினாள். சுலோச்சனா நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஐந்தாம் நாள் சும்மா குளிருக்காகவே வந்து படியில் உட்கார்ந்தாள். அதன்பின் ஹானி முக்காலியைச் செடிக்கு நெருக்கமாக நகர்த்திக்கொண்டாள். புஷ்ரா வீட்டில் என்றைக்கு மழை, என்றைக்குக் காற்று என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலங்களில் பனிக்குள் வெங்காயம் வதங்கும் வாசம் வரும். வந்து, ஒரு நொடி தாமதித்து, கருகும். "இன்னும் அடுப்புல வெச்சிட்டு வேற வேல பாக்கப் போயிடறா," என்று ஹானி தனக்குள் சொல்லிக்கொள்வாள். கய்யூம் காதில் விழாதது போல ரஜாயை இழுத்துவிட்டுக்கொள்வார். ஒரு நாள் அவள் வேண்டுமென்றே, வெயில் உச்சியில், பட்டை கிராம்பு வறுத்து இடித்து, இடித்த உரலைச் செடிக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் மாலை பனியில் அதே மசாலா போட்ட பிரியாணி வாசம் வந்தது. கருகல் இல்லை. இதைப் பேச்சு என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த தை மாதம்தான் அந்தத் தவறு நடந்தது. தையில் மல்லிச் செடியை ஒட்ட வெட்டி, இலையெல்லாம் உருவி, எரு வைத்தால் பங்குனியில் கூடை கூடையாகப் பூக்கும். சென்னையில் மல்லி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். முந்தின தையில் அசேலியா புதிதாக வந்த செடி, அதனால் ஹானி அதைத் தொடவில்லை. இந்தத் தையில் அது அவள் செடி. மல்லியை வெட்டினாள், அதே கத்திரியைத் துடைத்து, எலுமிச்சைச் சாறு தடவி, அசேலியாவையும் வெட்டினாள். கிளை நுனிகளில் பழுப்பாக, கூம்பலாக, செதில் செதிலாக ஏதோ இருந்தது. காய்ந்த நுனி என்று நினைத்து ஒன்று விடாமல் வெட்டினாள். தொட்டியில் முழங்கை உயரத்துக்குக் குச்சிகள் நின்றன. திருத்தமாக, எல்லாம் ஒரே உயரத்தில்.

மூன்றாம் நாள் பனி சாக்பீஸ் கோட்டிலிருந்து ஓரடி உள்ளே வந்தது. வார முடிவில் முக்காலி வெயிலில் நின்றது. மாசியில் மல்லி துளிர்த்து அரும்பு வைத்தது. அசேலியாவைச் சுற்றி ஒரு தட்டு அளவுகூடக் குளிர் இல்லை. தரை மற்ற மாடித் தரைகளைப் போலவே சுட்டது. ஆட்கள் வருவது நின்றது. ரஜாய்களைக் கய்யூம் நாப்தலின் உருண்டை போட்டுக் கட்டி வைத்தார். ஜைதூன் பீ காலுறையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் ஹானி," என்றார். ஹானி டிரம் தண்ணீரை ஊற்றினாள், நிழல் கட்டினாள், மேல்மண் மாற்றினாள். முன்பு தேறியதெல்லாம் இப்போது தேறவில்லை. சாயங்காலம் பனி இறங்கும் நேரத்துக்குப் பழக்கத்தில் மேலே போய், வாசம் ஏதும் வராத மாடியில் நின்று, மல்லியைப் பறித்துக்கொண்டு இறங்கினாள்.

பங்குனியில் பிரபு வந்தான். கேரட் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"இந்தத் தடவ சொல்லச் சொல்லிட்டாங்க அக்கா."

இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஹானி கதவை முழுதாகத் திறந்தாள். "சொல்லு."

"'ஆப்பா வெட்டிட்டாங்க, சரி, நானும் விட்டுட்டேன்னு சொல்லு'ன்னாங்க. பெரிய செடியில ஒரு பூவும் நிக்கலீங்க. தையில அரும்பெல்லாம் ஒரே நாள்ல கொட்டிருச்சு, அங்க கத்திரி பட்டாத்தான் அப்படிக் கொட்டும்ங்கறாங்க. அடியில வெயிலும் இல்ல. வேணும்னேதான் ஆப்பா கத்திரிய வெச்சாங்கன்னு சொல்றாங்க. கோடை மழை விழுந்து மண்ணு இளகினதும் செடியத் தோண்டி எடுத்துட்டு அந்த எடத்துல பீன்ஸ் போடப் போறாங்களாம்."

"நான் வேணும்னு வெட்டல பிரபு."

"அத நான் சொல்லட்டுங்களா?"

"வேணாம்," என்றாள் ஹானி. அவன் லாரிக்குத் திரும்பினான்.

அன்று அவள் மாடிக்குப் போய், மூலையில் எருவுக்காகக் குவித்து வைத்திருந்த சருகைக் கிளறினாள். தையில் வெட்டிய குச்சிகள் அடியில் காய்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து, நுனியில் இருந்த பழுப்புக் கூம்பை நகத்தால் பிளந்தாள். செதிலுக்குள் செதில், அதற்குள் இன்னொன்று, கடைசியில் ஒரு புகையிலைத் துணுக்கு அளவுக்கு மடித்து வைத்த இதழ்கள். நிறம் அப்படியே இருந்தது, ரோஜா. அடுத்ததைப் பிளந்தாள், அதிலும் இருந்தது. மல்லி வெட்டிய பிறகு அரும்பு வைக்கும். இது போன வருடம் பூ உதிர்ந்த கையோடே இந்த வருடப் பூவை வைத்துக்கொண்டு எட்டு மாதமாகக் காத்திருந்திருக்கிறது. ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது மடியில் ஒரு கைப்பிடி இதழ் சேர்ந்திருந்தது. கீழேயிருந்து கய்யூம் இரண்டு முறை கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

சங்கதி தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கய்யூம் கோவை ரயிலுக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்றார். கோடை விடுமுறைக்கு ஊட்டி போகும் கூட்டத்தில் ஒரு மாதத்துக்கு இடமில்லை. ஜைதூன் பீ, மூத்தவள் இறங்கிப் போகக் கூடாது என்றார், பிறகு தாமே, ஆனால் செடி போய்விடுமே என்றார். சுலோச்சனா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் குந்தினாள்.

"ஒரு போன் போட்டா முட்ஞ்சி பூடும். அதுக்கு இன்னாத்துக்குக்கா இம்மாம் பெரிய பஞ்சாயத்து?"

"போன்லதான் எல்லாம் கெட்டுச்சு. அதுல சொன்னா, இவளும் போன்லதான் சொன்னான்னு ஆயிடும்."

"நேர்ல போவ டிக்கெட் இல்ல, போன் ஆவாது, லாரிக்காரன்கிட்ட சொல்லி வுட மாட்ட. அப்ப புறாவ வுடு." சுலோச்சனா கூடையைத் தலையில் ஏற்றினாள். "தோ பாருக்கா. மழ அவங்கூர்ல உன்ன கேட்டுக்கினு வராது. மம்முட்டி எட்தாச்சுன்னா அப்பறம் நீ எயுதி இன்னா, அயுது இன்னா?"

எழுதி என்ற சொல்லை அவள் சும்மாதான் சொன்னாள். ஹானி மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

அக்காவும் தங்கையும் வீட்டில் பேசுவது உருது, எழுதுவது தமிழ். ஆம்பூரில் ஒரே தமிழ்வழிப் பள்ளியில், இரண்டு வகுப்பு இடைவெளியில் படித்தவர்கள். கடிதம் எப்படி எழுதுவது என்று அங்கே கற்றுக் கொடுத்த முறை ஹானிக்கு மாறவில்லை. முக்காலியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், குச்சிகளாக நின்ற செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது மேல்மூலையில் ஊர், அதன் கீழ் தேதி. இடது பக்கம், அன்புள்ள தங்கை புஷ்ராவுக்கு. அடுத்த வரி என்ன என்பதில் அவளுக்கு இஷ்டம் கிடையாது. பள்ளிக்கூட முறைப்படி அங்கே ஒன்றுதான் வரும்: நலம், நலமறிய ஆவல். 'நலம்' என்று எழுதினாள். பேனா நின்றது. யார் முதலில் கேட்பது என்று இரண்டு வருடமாக இரண்டு ஊரில் நடந்த போட்டி அந்தக் கால்புள்ளியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் வரிசையாகி, சண்டை மூண்டு, ஓய்ந்தது. அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் அது கடிதமே இல்லை. 'நலமறிய ஆவல்' என்று எழுதினாள். எழுதியபின் அது மெய் என்பதை ஒருதரம் படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மீதி சிரமமில்லாமல் வந்தது. செடியை நான் கோபத்தில் வெட்டவில்லை. மல்லியை வெட்டுகிற மாதிரி தையில் வெட்டிவிட்டேன். நுனியில் இருந்தது பூ என்று எனக்குத் தெரியாது, பிளந்து பார்த்துத்தான் தெரிந்தது, இதழ்களை இதோடு வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்க்காதே. கல்யாணத்துக்கு வராமல் இருந்தது மட்டும் கோபத்தில்தான். அதையும் எழுதிவிடுகிறேன். பெரிய செடியைத் தோண்டாதே. பீன்ஸுக்கு வேறு இடம் பார். இதை எந்த மாதம் வெட்ட வேண்டும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று உடனே எழுது, என் கை தெரியாத கை. வெங்காயம் வதக்கும்போது பக்கத்திலேயே நில். இப்படிக்கு, உன் ஆப்பா, உம்மே ஹானி.

தாளை மூன்றாக மடித்து, இதழ்களை நடுவில் தூவி, உறையில் போட்டாள். தபால் தலை ஒட்டினாள். உறையின் நாக்கில் கோந்து தடவி மடக்கி விரலால் நீவினாள், அது நிமிர்ந்துகொண்டது. மறுபடி தடவி அழுத்திப் பிடித்தாள்; விட்டதும் மறுபடி நிமிர்ந்தது. கோந்து பழையதா என்று முகர்ந்தாள், புதிதுதான். பங்குனி வெயிலில் கோந்து விரலிலேயே காய்ந்து உரிய வேண்டும், இதுவோ ஈரமாகவே நின்றது. மூன்றாம் தடவை தடவும்போதுதான் கை விறைப்பது தெரிந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு குச்சியின் கணுவில், கடுகளவில், செம்பழுப்பாக ஒரு துளிர். அதைச் சுற்றி, ஒரு ஆள் முக்காலி போட்டு உட்காரும் அளவுக்கு, பனி இறங்கியிருந்தது.

அந்த ஈரத்தில் உறை ஒட்டாது. ஹானி எழுந்து, நாலு எட்டு வைத்து, வெயில் இருக்கும் பக்கம் போய், கைப்பிடிச் சுவரில் உறையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். ராயப்பேட்டை வெயில் நிமிடத்தில் அதை ஒட்டிக் கொடுத்தது. சின்னப்பையன் ஆட்டோவில் அவளைத் தபால் நிலையத்தில் இறக்கிவிட்டான். பெட்டியில் போட மனமில்லாமல் உள்ளே போய்க் கவுண்டரில் நீட்டினாள். அங்கே இருந்தவர் உறையை வாங்கியதும் கையை ஒருதரம் உதறிவிட்டு மறுபடி எடுத்தார்.

"இன்னாம்மா, ஜில்லுனு கீது?"

"குன்னூருக்குப் போகுது சார்."

அவர் விலாசத்தைப் படித்துப் பார்த்தார். "அப்ப சரி," என்று முத்திரை குத்தி, மேற்கே போகும் பைக்குள் போட்டார்.